கல்லைத் தீட்டவில்லை, அடித்துப் பெயர்த்தார்கள்: பழங்கற்காலக் கருவிகள் உருவான விதம்

ஆதிமனிதனை வரையச் சொன்னால் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். இடுப்பில் தோல், தலையில் சடை, கையில் ஒரு கல். அந்தக் கல்லை ஒரு பாறையில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிக்கொண்டிருப்பான். சற்றுத் தள்ளி ஒரு பெண் குழந்தையோடு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்ப்பாள்.

படத்தில் இரண்டு கோளாறுகள். கருவி செய்தவர்கள் ஆண்கள் மட்டுமே என்பதற்கு எந்தக் கல்லிலும் சான்று கிடையாது. அதைவிடப் பெரிய கோளாறு அந்தத் தேய்ப்பு. கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கோடரி செய்வது பெரும்பாலும் புதிய கற்காலத்து வழக்கம். இந்தியாவில் அது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கதைதான். (ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் விளிம்பைத் தேய்த்த கோடரிகள் வெகு முன்பே வந்துவிட்டன. அவை விதிவிலக்கு.) அதற்கு முன்னால் கழிந்த முப்பது லட்சம் ஆண்டுகளில், மனிதர்களும் அவர்களுக்கு முந்திய உறவினர்களும் கல்லைத் தேய்க்கவில்லை. அடித்தார்கள்.

"கல்லை உடைப்பதில் என்ன பெரிய வித்தை?" என்று உடனே ஒரு கேள்வி வரும். உடைப்பது எளிதுதான். உடைசல் எந்தப் பக்கம் ஓடும், எவ்வளவு தூரம் ஓடும், எங்கே நிற்கும் என்பதை அடிப்பதற்கு முன்பே தீர்மானிப்பதுதான் வித்தை. பழங்கற்காலத் தொழில்நுட்பம் முழுவதும் அந்த ஒரு தீர்மானத்தைச் சுற்றித்தான் வளர்ந்தது.

## டீக்கடைத் தம்ளர்

டீக்கடையில் தடித்த கண்ணாடித் தம்ளர்களைப் பார்த்திருப்பீர்கள். கழுவும்போது ஒன்றோடொன்று இடித்து, ஏதாவது ஒரு தம்ளரின் விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்திருக்கும். பெயர்ந்த இடத்தைத் தடவ வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். சிப்பியின் உட்புறத்தைப் போல வழவழப்பான ஒரு குழிவு. வெளிச்சத்தில் சாய்த்தால், இடி விழுந்த புள்ளியைச் சுற்றி மெல்லிய வளையங்கள் தெரியும். குழிவின் ஓரம் உதட்டைக் கிழித்துவிடும்.

யாரும் அந்த ஓரத்தைத் தீட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே ஓர் இடியில் அந்தக் கூர் வந்துவிட்டது. இடி விளிம்பில் பட்டதால் சில்லு பெயர்ந்தது. அதே இடி தம்ளரின் நடுவயிற்றில் பட்டிருந்தால் தம்ளரே நொறுங்கியிருக்கும், அல்லது ஒன்றுமே ஆகியிருக்காது. இன்னொன்று: கீழே விழுந்த சில்லும் தம்ளரில் உள்ள குழிவின் ஓரத்துக்குச் சளைக்காத கூர்மையோடு இருக்கும்.

கண்ணாடிக்குள் மரத்துக்கு இருப்பது போன்ற நார் ஓட்டமோ, படிகங்களுக்கு இருப்பது போன்ற பிளவுத் தளமோ இல்லை. அதனால் அடியின் விசை எந்த ஒரு திசைக்கும் சலுகை காட்டாமல் பரவுகிறது. அடிபட்ட புள்ளியை உச்சியாகக் கொண்டு ஒரு கூம்பு விரிவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விளிம்புக்கு அருகே அடித்தால் அந்தக் கூம்பின் பெரும்பகுதி வெளியே காற்றில் போய்விடும். உள்ளே இருக்கும் மிச்சத் துண்டு மட்டும் பொருளை அறுத்துக்கொண்டு போய், பக்கவாட்டில் வெளியேறும். அந்த அறுப்புதான் நாம் பார்த்த குழிவு. இப்படி உடைவதைச் சிப்பி முறிவு என்று சொல்லலாம்.

சில வகைக் கற்களும் இதே போல முறிகின்றன. கற்கருவியின் அடிப்படை இதுதான்.

## எல்லாக் கல்லும் ஒத்துழைக்காது

அம்மி கொத்துகிறவர் உளியால் அடிக்கும்போது பொடிதான் பறக்கும், சில்லு பெயராது. கருங்கல்லுக்குள் வெவ்வேறு கனிமங்கள் பெரிய பெரிய மணிகளாகக் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொரு மணியின் எல்லையிலும் விசை தடுக்கி விழுகிறது. சிற்பிக்கும் அம்மி கொத்துகிறவருக்கும் அது வசதி, கத்தி வேண்டியவருக்கு அல்ல.

கத்தி வேண்டியவர் தேடியது, மணிகள் மிக நுண்ணியதாகவோ அல்லது ஒன்றோடொன்று நன்றாகப் பிணைந்து இறுகியதாகவோ இருக்கும் கல்லை. ஐரோப்பாவில் அது சக்கிமுக்கிக் கல். எத்தியோப்பியாவிலும் கெனியாவிலும் எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் போன்ற பாறைகளும், சில இடங்களில் எரிமலைக் கண்ணாடியும். எரிமலைக் கண்ணாடி பெயருக்கேற்ற இயற்கைக் கண்ணாடியேதான். அதன் புதுச் செதிலின் ஓரம் அறுவை மருத்துவரின் எஃகுக் கத்தியைவிட மெல்லியது.

தமிழ்நாட்டின் வடபகுதியில் குவார்ட்சைட். மணற்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகினால் குவார்ட்சைட் ஆகும். மணல்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடுவதால், முறிவு மணிகளைச் சுற்றிப் போகாமல் மணிகளை ஊடுருவிப் போகும். திருவள்ளூர் மாவட்டத்து அல்லிக்குழி மலைப்பகுதியில் குவார்ட்சைட் உருளைக்கற்களும் பாறைகளும் ஏராளம். பக்கத்தில் கொற்றலை ஆற்றுப்படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கம் உலகப் புகழ் பெற்றதற்கு இந்தக் கல்லும் ஒரு காரணம்.

இடையில் ஒரு சிறு வம்பைத் தீர்த்துவிடலாம். சக்கிமுக்கிக் கற்கள் இரண்டை உரசினால் நெருப்பு வரும் என்று படித்திருப்போம். கல்லோடு கல் உரசும்போது வரும் மினுக்கத்தில் பஞ்சு பற்றாது. இரும்புச் சத்துள்ள பைரைட் கனிமத்தையோ எஃகையோ சக்கிமுக்கியால் அடித்தால்தான் உருப்படியான பொறி பறக்கும். கருவி செய்வதற்கும் நெருப்பு மூட்டுவதற்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் அது வேறு இடத்தில். அதற்குப் பிறகு வருவோம்.

## கோணம்தான் எல்லாம்

இனி மூன்று சொற்கள் தேவைப்படும். அடி வாங்கும் கல்லைக் கருக்கல் என்போம். அதிலிருந்து பெயரும் சில்லு செதில். அடிக்கப் பயன்படும் உருண்டைக் கல் சுத்தியல் கல்.

ஒரு கையில் கருக்கல், மறு கையில் சுத்தியல் கல். கருக்கல்லின் மேல்தளத்தில் விளிம்புக்குச் சற்று உள்ளே அடிக்க வேண்டும். அந்த மேல்தளத்தை அடிதளம் என்று வைத்துக்கொள்வோம். அடிதளமும் கல்லின் பக்கச் சுவரும் சந்திக்கும் இடத்தில் உள்ள கோணம் 90 டிகிரிக்குக் குறைவாக இருக்க வேண்டும். இந்த ஒரு விதி புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

கோணம் கூர்மையாக இருந்தால், உள்ளே போன முறிவு பக்கச் சுவரை ஒட்டியே ஓடி, ஒரு மெல்லிய செதிலைப் பெயர்த்துக்கொண்டு வெளியேறும். கோணம் 90-ஐத் தாண்டினால் விசை கல்லின் வயிற்றுக்குள் இறங்கி அங்கேயே அடங்கிவிடும். கையில் வலிதான் மிஞ்சும். ஆற்றில் உருண்டு திரண்ட கூழாங்கல்லில் எங்கே அடித்தாலும் ஒன்றும் நடக்காமல் போவது இதனால்தான்: உருண்டைக்கு விளிம்பே கிடையாது. உருண்டைக் கல்லில் முதல் செதிலை எடுப்பதுதான் மிகக் கடினம். கொஞ்சம் தட்டையான கூழாங்கல்லைத் தேர்ந்தெடுப்பது அந்தத் தலைவலியைக் குறைக்கும்.

முதல் செதில் பெயர்ந்ததும் வேலை மாறிவிடுகிறது. செதில் போன இடத்தில் ஒரு தழும்பு, அதன் இரு ஓரத்திலும் இரண்டு மேடுகள். அடுத்த அடியை அந்த மேட்டுக்கு நேர் மேலே கொடுத்தால் முறிவு அந்த மேட்டைப் பின்பற்றி ஓடும். நீளமான செதில் கிடைக்கும். முந்தைய தழும்பையே அடுத்த அடிக்கு அடிதளமாகவும் கொள்ளலாம்: கல்லைப் புரட்டிப் போட்டு, தழும்பின் மேல் அடித்தால் எதிர்ப்பக்கத்தில் செதில் பெயரும். இப்படி ஒவ்வொரு அடியும் அடுத்த அடிக்கு இடம் தயாரிக்கிறது. கோணம் கெடாமல் இதைத் தொடர முடிந்தால் ஒரே கல்லிலிருந்து பல செதில்களை எடுக்கலாம். கோணம் கெட்டுவிட்டால் எவ்வளவு பெரிய கல்லாக இருந்தாலும் வீண்தான்.

சுருக்கமாக: நுண்மணிக் கல், 90 டிகிரிக்குக் குறைந்த விளிம்பு, விளிம்பை ஒட்டிய அடி, அந்த அடி ஓடுவதற்கு ஒரு மேடு. இவ்வளவும் சேர்ந்தால் செதில்.

## மனிதர் அடித்ததா, தானாக உடைந்ததா?

வயலில் கூர்மையான கல் கிடைத்தால் உடனே "கற்காலக் கருவி" என்று படம் எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. மலைச்சரிவில் உருண்ட கல்லும், வெள்ளத்தில் மோதிய கல்லும், ஜல்லி இயந்திரத்தில் நசுங்கிய கல்லும் கூராகத்தான் உடையும்.

செதிலில் ஒரு கையெழுத்து இருக்கும். அடிதளத்தின் சிறு பகுதி செதிலின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே, உட்புறத்தில், சற்றே புடைத்த ஒரு பகுதி தெரியும். நாம் முன்பு கற்பனை செய்த கூம்பின் எச்சம் அது. இதை அடிப்புடைப்பு என்று சொல்லலாம். அங்கிருந்து வளையங்கள் அலை அலையாக விரியும். மறுபுறத்தில், அதாவது கல்லின் பழைய வெளிப்புறத்தில், முன்பு பெயர்ந்த செதில்களின் தழும்புகள் இருக்கும்.

இந்தக் கையெழுத்தும் தனியாகப் போதாது. பிரேசிலின் செர்ரா ட கபிவாரா தேசியப் பூங்காவில் கபுச்சின் குரங்குகள் கல்லைக் கல்லால் அடிக்கின்றன. அப்போது அடிப்புடைப்போடு கூடிய கூர்மையான செதில்கள் தெறித்து விழுகின்றன. குரங்குகள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கல்லை நக்குகின்றன, மேலும் அடிக்கின்றன. 2016-ல் இது ஆய்வாக வெளியானபோது தொல்லியலில் ஒரு சிறு கலக்கமே ஏற்பட்டது. எனக்கு அது நல்ல கலக்கமாகவே படுகிறது. ஒற்றைச் செதிலை வைத்துக்கொண்டு மனித அறிவைப் பற்றிக் கதை கட்டுவதை அது நிறுத்தியது.

அப்படியானால் எதை நம்புவது? ஒழுங்கை. ஒரே திசையில், ஒரே விளிம்பில், மேடுகளைப் பின்பற்றி அடுத்தடுத்துப் பெயர்த்த தழும்புகள். ஒரே மண்ணடுக்கில் கருக்கல், செதில், சுத்தியல் கல் எல்லாம் சேர்ந்து கிடப்பது. அருகில் கிடக்கும் விலங்கெலும்பில் வெட்டுக்காயங்கள். எல்லாவற்றையும்விட உறுதியானது, சிதறிய செதில்களைப் பொறுக்கி மறுபடி அதே கருக்கல்லில் பொருத்திப் பார்ப்பது. பொருந்தினால், எந்த அடி முதலில் விழுந்தது, எது பிறகு என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். கெனியாவின் லொக்கலலேய் என்ற இடத்தில் 23 லட்சம் ஆண்டுக்கு முந்திய செதில்களை இப்படிப் பொருத்தியிருக்கிறார்கள். கோணம் கெடாமல் ஒரே கல்லைத் தொடர்ந்து அடித்த கை அதில் தெரிகிறது.

## தொடக்கம்: செதில்தான் கத்தி

இதுவரை கிடைத்ததில் மிகப் பழையவை கெனியாவின் துர்க்கானா ஏரிக்கு மேற்கே லொமெக்வி என்ற இடத்தில் கிடைத்தவை; 33 லட்சம் ஆண்டுப் பழமை. சோனியா ஹார்மண்ட் தலைமையிலான குழு 2015-ல் அறிவித்தது. பெரிய, கனமான கற்கள். அவற்றைக் கீழே கிடக்கும் பாறையில் மோதியோ, பாறை மேல் வைத்து அடித்தோ உடைத்திருக்கிறார்கள். நம் ஹோமோ பேரினத்தின் எலும்புகளில் மிகப் பழையது சுமார் 28 லட்சம் ஆண்டுதான். "மனிதன் கருவி செய்தான்" என்ற வாக்கியத்தையே இது கொஞ்சம் சங்கடப்படுத்துகிறது. சில ஆய்வாளர்கள் லொமெக்வியின் காலக்கணிப்பை இன்னும் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சந்தேகமே இல்லாத கருவிகள் எத்தியோப்பியாவின் கோனாவில் கிடைத்தன. 26 லட்சம் ஆண்டு. இந்த வகைக்கு ஓல்டுவான் என்று பெயர். தான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் லூயிஸ் லீக்கியும் மேரி லீக்கியும் ஆராய்ந்து அடையாளம் கண்டதால் வந்த பெயர் அது. உள்ளங்கையில் அடங்கும் கூழாங்கல், அதன் ஒரு பக்கத்தில் சில செதில்கள் பெயர்ந்த தழும்பு. பார்த்தால் குட்டைக் கோடரி போலத் தெரியும். வெகுகாலம் அதையே கருவி என்றும், சுற்றிக் கிடந்த செதில்களைக் கழிவு என்றும் எண்ணினார்கள். 1980-களில் தொல்லியலாளர் நிக்கோலஸ் டோத் தாமே இந்தக் கருவிகளைச் செய்து பயன்படுத்திப் பார்த்து, கதையைத் திருப்பிப் போட்டார். பல நேரங்களில் வேண்டியிருந்தது செதில்; கூழாங்கல் அதை எடுத்த பிறகு மிஞ்சியது. கெனியாவின் கூபி ஃபோராவில் கிடைத்த, 15 லட்சம் ஆண்டுக்கு முந்திய செதில்களின் ஓரத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது இறைச்சி, மரம், மென்மையான தாவரம் ஆகியவற்றை வெட்டிய தேய்மானம் தெரிந்தது.

டோத்தும் கேத்தி ஷிக்கும் செய்த இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தமானது. 1990-ல் கான்சி என்ற போனபோ குரங்குக்குக் கல்லடிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு பெட்டிக்குள் தின்பண்டம், பெட்டி கயிற்றால் கட்டியிருக்கும். கயிற்றை அறுக்கக் கத்தி வேண்டும். கான்சி கற்றுக்கொண்டது. செதில் எடுத்தது, கயிற்றை அறுத்தது, எது கூர் என்றும் தெரிந்துகொண்டது. கைக்கு வராதபோது கல்லைக் கெட்டித் தரையில் வீசி உடைக்கும் வழியையும் தானே கண்டுபிடித்தது. ஆனால் பல ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் கோனாவின் கற்களில் தெரியும் கோணக் கட்டுப்பாடு அதற்கு வரவில்லை. கூர் வேண்டும் என்ற அறிவு இருந்தது. எங்கே அடித்தால் கூர் வரும் என்பது பிடிபடவில்லை. 26 லட்சம் ஆண்டுக்கு முன்பே அது பிடிபட்டிருந்தது என்பதுதான் வியப்பு.

## கைக்கோடரி: உருவம் முன்னே, அடி பின்னே

அடுத்த தாவல் சுமார் 17 லட்சத்து 60 ஆயிரம் ஆண்டுக்கு முன், மறுபடியும் துர்க்கானா ஏரியின் மேற்கே. இப்போது செதிலுக்காக மட்டும் கல்லை அடிக்கவில்லை. கல்லையே ஓர் உருவத்துக்குக் கொண்டுவர அடித்தார்கள். ஒரு முனை கூர்ந்து, மறுமுனை தடித்து, இரண்டு முகத்திலும் செதில் பெயர்த்த, நீர்த்துளி வடிவக் கருவி. இதுதான் கைக்கோடரி. பிரான்சில் உள்ள சாந்த் அஷேல் என்ற இடத்தின் பெயரால் இந்த மரபை அஷூலியன் என்கிறார்கள். கைப்பிடி போட்ட கோடரியை மனதில் கொள்ள வேண்டாம். அதை அப்படியே கையில் பிடித்து இறைச்சி அறுத்தார்கள், மரம் செதுக்கினார்கள்.

தமிழ்நாடு கதைக்குள் வருவது இங்கேதான். 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் குவார்ட்சைட் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். ஐரோப்பாவிலேயே "மனிதன் இவ்வளவு பழையவனா?" என்ற வழக்கு முடிந்து நான்கைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தை அடைந்தார்கள். இந்தக் கைக்கோடரிகளால் சென்னையின் பெயரிலேயே ஒரு கற்கருவி மரபு ஆய்வு நூல்களில் ஏறியது.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த அஷூலியன் கருவிகள் சராசரியாக 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்றும், எப்படிப் பார்த்தாலும் 10 லட்சத்துக்குக் குறையாது என்றும் 2011-ல் வெளியிட்டார்கள். அதுவரை இந்தியாவின் கைக்கோடரிகள் வெகு பிந்தியவை என்றே பலர் எண்ணியிருந்தார்கள்.

"அப்படியானால் 15 லட்சம் ஆண்டுக்கு முன் தமிழர்கள்…" என்று ஒரு வாக்கியம் அடிக்கடி கிளம்பும். வேண்டாம். அந்தக் காலத்தில் நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸே பிறக்கவில்லை; நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சேப்பியன்ஸ் எலும்புகள் சுமார் 3 லட்சம் ஆண்டுதான். அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவும் இல்லை. செய்தவர்கள் மனிதக் குடும்பத்தின் வேறொரு கிளையினர். மொழி, இனம், நாடு எதையும் அந்தக் கல்லில் ஒட்ட முடியாது.

கைக்கோடரி செய்வதில் உள்ள சிக்கல் மறுபடி கோணம்தான். கெட்டிக் கல்லால் அடித்தால் தடித்த செதில் பெயரும், விளிம்பு கோணல்மாணலாகும். மெல்லிய, நேர்த்தியான விளிம்பு வேண்டுமானால் கல்லைவிட மென்மையான சுத்தியல் வேண்டும்: மான்கொம்பு, எலும்பு, கெட்டி மரம். மென்மையானது கல்லோடு சற்றுக் கூடுதல் நேரம் ஒட்டி நின்று விளிம்பைக் கவ்வி இழுப்பதால், செதில் அகலமாகவும் மெல்லியதாகவும் முகத்தின் குறுக்கே ஓடுகிறது. இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் சுமார் 5 லட்சம் ஆண்டுக்கு முந்திய மான்கொம்புச் சுத்தியல் கிடைத்தது. அதற்குள் சக்கிமுக்கித் துணுக்குகள் குத்திக்கொண்டிருந்தன. அதே இடத்தில் ஒரு குதிரையை வெட்டிக் கூறுபோட்ட எலும்புகளும், அங்கேயே உட்கார்ந்து கைக்கோடரி செய்தபோது சிதறிய செதில்களும் கிடந்தன.

கர்நாடகத்தின் ஹுன்சகிப் பள்ளத்தாக்கில் உள்ள இசாம்பூர் இன்னொரு காட்சி. கே. பத்தையா அகழ்ந்த அந்த இடம் சுண்ணாம்புப் பாறைப் பலகைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குவாரி. பலகையைப் பெயர்ப்பது, உடைப்பது, கருவியாக்குவது எல்லாம் ஒரே இடத்தில் நடந்திருக்கின்றன. கைக்குக் கிடைத்த கல்லை எடுத்து அடித்தவர்கள் அல்ல அவர்கள். எந்த இடத்தில் எந்தக் கல் என்று தெரிந்து போனவர்கள்.

இதுவரை பார்த்தது: ஓல்டுவானில் கருக்கல்லிலிருந்து செதில் எடுத்தார்கள். அஷூலியனில் கல்லையே இருமுகக் கருவியாக்கினார்கள். இரண்டிலும் கோண விதி ஒன்றுதான். மாறியது, எத்தனை அடிக்கு முன்னால் யோசிக்க முடிந்தது என்பது.

## லெவலுவா: செதிலைக் கல்லுக்குள்ளேயே வரைவது

மூன்றாவது முறை புதியவர்களுக்குச் சற்றுக் குழப்பும். பொறுமையாகப் பாருங்கள்.

கைக்கோடரி செய்தவர் கல்லைச் செதுக்கிக் கருவியாக்கினார். லெவலுவா முறையில் செய்கிறவர் வேறு விதமாக யோசிக்கிறார்: எனக்கு வேண்டிய செதிலின் வடிவத்தை, அது பெயர்வதற்கு முன்பே கருக்கல்லின் முகத்தில் அமைத்துவிட்டால்? முதலில் கருக்கல்லின் ஓரம் முழுவதையும் சுற்றித் தட்டுகிறார். பிறகு அந்த ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறு செதில்களைப் பெயர்த்து, மேல்முகத்தை ஆமை முதுகு போல மெல்லக் குவிக்கிறார். ஒரு முனையில் அடிதளத்தைக் கவனமாகத் தட்டிச் சரிசெய்கிறார். இவ்வளவும் ஆயத்தம் மட்டுமே. கடைசியாக அந்த அடிதளத்தில் ஓர் அடி. ஆமை முதுகு முழுதாக ஒரே செதிலாகப் பெயர்ந்து வருகிறது. சுற்றிலும் கூர், வேண்டிய வடிவம், மேலே தீட்ட எதுவும் இல்லை.

பாரிசை ஒட்டிய லெவலுவா பெரே என்ற புறநகரில் முதலில் அடையாளம் கண்டதால் அந்தப் பெயர். அத்திரம்பாக்கத்தின் மேலடுக்குகளில் இந்த முறை சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சாந்தி பப்புவின் குழு 2018-ல் வெளியிட்டது. 7,200-க்கும் மேற்பட்ட கற்பொருள்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை அது. ஆப்பிரிக்காவிலிருந்து சேப்பியன்ஸ் புறப்பட்டு வந்தபோதுதான் இந்தத் தொழில்நுட்பமும் இந்தியாவுக்கு வந்தது என்ற எளிய கதையை அது சிக்கலாக்கியது. யார் செய்தார்கள், வெளியிலிருந்து வந்ததா, இங்கேயே உருவானதா என்ற கேள்விகளுக்குக் கல் மட்டும் பதில் சொல்லாது.

## பிறகு வந்தவை, வேகமாக

இதற்குப் பின் மாற்றங்கள் அடுத்தடுத்து வருகின்றன. உருளை போலத் தயாரித்த கருக்கல்லைச் சுற்றி, நீளமான, இணை விளிம்புள்ள செதில்களை வரிசையாகப் பெயர்த்தார்கள். ஒவ்வொரு செதிலிலும் நீளமான வெட்டு விளிம்பு கிடைத்தது.

நெருப்பு இங்கேதான் உள்ளே வருகிறது. தென்னாப்பிரிக்காவில் சில்கிரீட் என்ற கல்லைச் சூடாக்கி, அதன் முறிவை மேம்படுத்தியிருக்கிறார்கள். அங்கே புளோம்போஸ் குகையில் சுமார் 75,000 ஆண்டுக்கு முன், அப்படிச் சூடாக்கிய கல்லை அடிக்காமல், எலும்பு போன்ற ஒன்றின் முனையால் விளிம்பில் அழுத்தி நுண்செதில்களைப் பெயர்த்திருக்கிறார்கள். அடியில் வரும் தடுமாற்றம் அழுத்தத்தில் இல்லை.

இன்னொரு திருப்பம் கைப்பிடி. இத்தாலியின் கம்பித்தெல்லோவில் சுமார் 2 லட்சம் ஆண்டுக்கு முந்திய செதில்களில் பூர்ச்ச மரப்பட்டையிலிருந்து எடுத்த கீல், அதாவது தார் போன்ற பசை, ஒட்டியிருந்தது. கீலும் கோலும் வந்துவிட்டால் கருவி பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. விரல்நகம் அளவு கல் போதும், பலவற்றைச் சேர்த்து ஒரு கோலில் பதிக்கலாம். இவை நுண்கற்கருவிகள். இலங்கையின் பாகியன் குகையில் சுமார் 48,000 ஆண்டுக்கு முன்பே குவார்ட்ஸ் கல்லில் இவற்றைச் செய்திருக்கிறார்கள். குவார்ட்ஸ் கூழாங்கல் சிறியது, கையில் பிடித்து அடிக்க முடியாது. அதனால் ஒரு கல்மேல் நிற்க வைத்து மேலிருந்து தட்டிப் பிளந்தார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணல்மேடுகளிலும் நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. அவை பழங்கற்காலத்துக்குப் பிந்தியவை.

## கல்லின் வயது வேறு, கருவியின் வயது வேறு

"அந்தக் கல்லைக் கார்பன் சோதனைக்கு அனுப்பினார்களா?" என்று கேட்கிறவர்கள் நிறைய. கார்பன் முறை ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்குத்தான் பொருந்தும், அதுவும் சுமார் 50,000 ஆண்டு வரைதான். கல் உருவான காலத்தைக் கண்டுபிடித்தும் பயனில்லை. பல கோடி ஆண்டு என்று வரும்.

வேண்டியது, அடித்த கருவி மண்ணுக்குள் புதைந்த காலம். அத்திரம்பாக்கத்தில் இதற்குக் கையாண்ட வழி அழகானது. நிலத்தின் மேல் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கல்லில் உள்ள குவார்ட்ஸ் கனிமத்தில் மோதி, அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்களை உண்டாக்குகின்றன. ஆழமாகப் புதைந்ததும் புதிய வரவு நின்றுவிடும். இருப்பது மட்டும் சிதையும். அலுமினியம்-26 சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும். பெரிலியம்-10 பாதியாக அதைப் போல் இருமடங்கு காலம் வேண்டும். ஒன்று வேகமாகக் குறைய, மற்றது மெதுவாகக் குறைய, இரண்டின் விகிதம் புதைந்த காலத்தைச் சொல்லிவிடுகிறது. அத்துடன் மண்ணடுக்குகளில் பதிந்த பூமியின் காந்தத் திசையையும் ஒத்துப் பார்த்தார்கள். மேலடுக்குகளுக்கு, மணல்மணி கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்று கணக்கிடும் ஒளிர்வு முறை.

இதனால்தான் ஆற்றங்கரையில் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்த கைக்கோடரிக்கு யாராலும் வயது சொல்ல முடியாது. அது கிடந்த மண்ணோடு சேர்ந்துதான் அதற்கு வயது. கண்ணில் பட்டால் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கல்லை அங்கேயே விட்டுவிட்டு மாநிலத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

## காட்சிப் பெட்டியின் முன்

ஃபூட் சேகரித்த கருவிகள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அத்திரம்பாக்கம் பகுதிக் கருவிகளைப் பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்திலும் பார்க்கலாம். அங்கே போனால், கைக்கோடரியின் கூர்முனையைப் பார்த்துவிட்டு நகராதீர்கள். முனை உங்களிடம் எதுவும் சொல்லாது. முகத்தில் உள்ள தழும்புகளைப் பாருங்கள். ஒரு தழும்பு இன்னொன்றை வெட்டிக்கொண்டு போயிருக்கும். வெட்டியது பிந்திய அடி, வெட்டுப்பட்டது முந்திய அடி. எல்லைகள் சிதையாமல் முழுதாக இருப்பது கடைசி அடி. ஏதாவது ஒரு விளிம்பில் செதில் பாதியில் நின்று படிக்கட்டு போல ஒடிந்திருக்கும். அது கோணம் தவறிய அடி. சில கருவிகளில் அந்த ஒடிவைச் சரிசெய்ய அதே இடத்தில் மூன்று நான்கு முறை அடித்துப் பார்த்து, முடியாமல் மறுபக்கத்துக்குத் திருப்பியிருப்பதும் தெரியும்.